செவ்வரத்தையடியில் தேன்சிட்டுக் கணக்கு

மார்கழி மழை விட்ட பிறகு தொடங்கிய வேலை இது. திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வளவுக் கிணற்றடியில் ஒரு கிழட்டுச் செவ்வரத்தை நிற்கிறது. அதற்கு வரும் தேன்சிட்டுகளை இனம் பிரித்துக் கொப்பியில் எழுதப் போகிறேன் என்றேன். "எல்லாம் தேன்சிட்டுத்தானே, இதிலை என்ன பிரிக்கிறாய்?" என்றார் அம்மா.

முதல் இரண்டு கிழமையும் வீண். நிறத்தை வைத்துத்தான் எழுதினேன்: கறுப்பு, ஊதா, கரும்பச்சை. அப்புறம் மஞ்சள் வயிற்றில் நடுவே கறுப்புக் கோடு போட்ட ஒன்று. நான்கு இனம் கண்டுபிடித்துவிட்ட பெருமையில் இருந்தேன். ஒருநாள் கறுப்பு வந்து கொப்பில் இருந்தது, தலையைத் திருப்பியது, கண் முன்னாலேயே ஊதாவாகிப் பிறகு பச்சையானது. இறகின் நுண்ணமைப்பில் வெளிச்சம் பட்டுத் தெறிப்பதால் வரும் நிறம் அது. கோணம் மாறினால் நிறமும் மாறும். மூன்றும் ஊதாத் தேன்சிட்டின் சேவல்தான். அந்தக் கோடு போட்டதும் அதே சேவல்தான், இனப்பெருக்க காலத்துப் பளபளப்பு உதிர்ந்த கோலத்தில். நான்கு பக்கத்தையும் வெட்டினேன்.

சரி, நிறம் வேண்டாம், சொண்டைப் பார்ப்போம் என்று படங்களைப் பெரிதாக்கி அடிமட்டம் வைத்தேன். பக்கவாட்டாக விழுந்த படம் மட்டும்தான் உதவும். தலையின் நீளத்தோடு சொண்டை ஒப்பிட்டால் லோட்டன் தேன்சிட்டு உடனே தனியாகத் தெரிகிறது. சொண்டு அவ்வளவு நீளம், அரிவாள் மாதிரி வளைவு. சேவலின் வயிறும் மங்கிய கபிலம், ஊதாத் தேன்சிட்டினது போலக் கருநீலம் அல்ல. செவ்வரத்தைப் பூவின் வாய்க்குள் போகாமல் அடியில் துளை போட்டுத் தேன் குடிக்கும் களவையும் அப்போதுதான் கண்டேன். மகரந்தம் ஒட்டாமலே சாப்பாடு முடிந்துவிடும். மூன்றாவது, ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. 10 சென்ரிமீற்றர்கூட வராது. பேட்டின் தொண்டை வெள்ளை, நெஞ்சு மஞ்சள். இதில் எனக்குக் குழப்பமே வரவில்லை.

இவற்றின் விஞ்ஞானப் பெயர்களைத் தேடப் போய்த்தான் உண்மையில் மாட்டிக்கொண்டேன். லோட்டன் என்பவர் 1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்து ஆளுநராக இருந்தவர். நம்முடைய திருகோணமலைக் கோட்டையும் அப்போது ஒல்லாந்தர் கையில்தான். இங்கத்தைய பறவைகளை ஓவியர் ஒருவரைக் கொண்டு வரைவித்தார். உயிரினங்களுக்கு இரட்டை லத்தீன் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த லின்னேயஸ் 1766இல் அவர் பெயரை வைத்து 'செர்த்தியா லொட்டேனியா' என்று எழுதினார். ஊதாப்பிட்டம் அதே ஆண்டு 'செர்த்தியா சைலோனிகா'. ஊதாத் தேன்சிட்டுக்கு 1790இல் லேதம் என்ற ஆங்கிலேயப் பறவையியலாளர் வைத்தது 'செர்த்தியா ஏசியாட்டிக்கா'. செர்த்தியா என்பது மரப்பட்டையில் ஊர்ந்து பூச்சி பொறுக்கும் குருவிகளின் பேரினம். வளைந்த சொண்டைக் கண்டு அங்கே சேர்த்துவிட்டார்கள். சொண்டை மட்டும் நம்பினால் லின்னேயசுக்கே சறுக்கும் என்றால் என் அடிமட்டம் எம்மாத்திரம்!

இப்போதைய பட்டியலில் ஏன் 'லொட்டேனியஸ்', 'ஏசியாட்டிக்கஸ்' என்று இருக்கிறது? எழுத்துப் பிழை என்றே நினைத்தேன். விசயம் லத்தீன் இலக்கணம். செர்த்தியா பெண்பால், பிறகு இவை இரண்டும் போய்ச் சேர்ந்த 'சின்னிரிஸ்' பேரினம் ஆண்பால், அதனால் வால் மாறியது. ஊதாப்பிட்டம் போன 'லெப்டோகோமா' பெண்பால் என்பதால் 'சைலோனிகா' அப்படியே நிற்கிறது. 'வந்தான்', 'வந்தாள்' என்று பழகிய நமக்கு இது புதிதா என்ன? 'சைலோனிகா' என்று இலங்கைப் பெயர் இருந்தாலும் ஊதாப்பிட்டம் இந்தியாவிலும் தாராளமாக உண்டு.

எனக்கு 'லோட்டன்' ஒட்டவில்லை. கொப்பியில் 'நீள்சொண்டு' என்றுதான் எழுதுகிறேன்.

இப்போதைய சிக்கல் ஒரு பேடு. காலையில் தனியாக வரும், நெஞ்சு மங்கல் மஞ்சள். ஊதாவா நீள்சொண்டா என்று சொண்டுதான் சொல்ல வேண்டும். கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது, கொப்பு ஒரு நிமிடம் நிற்பதில்லை. ஒரு படத்தில் சொண்டு நீளம், மற்றதில் தலை திரும்பியிருக்கிறது. பென்சிலால் 'நீள்சொண்டு?' என்று போட்டிருக்கிறேன்.