கும்மிடிப்பூண்டியில் பிறந்தவர் எந்த நாட்டுக்காரர்?

சட்டவிரோதக் குடியேறிகள் நம் வேலையைப் பறிக்கிறார்கள் என்று டிவி விவாதங்களில் கத்தும்போதெல்லாம், புழல், கும்மிடிப்பூண்டி முகாம்களில் இருக்கும் ஈழத் தமிழர்கள்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு உயிருக்குப் பயந்து கடல் தாண்டி வந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். பெயின்ட் வேலைதான் பலருக்கும் பிழைப்பு. இந்தியக் குடியுரிமை இல்லாததால், கல்லூரி முடித்த பிள்ளைக்கும் அரசு வேலை கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது. படிக்க வைத்துவிட்டு இப்படி முடக்குவதால் யாருக்கு லாபம்? பொருளாதாரக் கணக்குப் பார்த்தாலும் இது நமக்குத்தான் நஷ்டம்.

இங்கேயே பிறந்திருந்தாலும், 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைக்க அப்பா, அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2003 திருத்தம் இன்னும் இறுக்கியது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்குக் குடியுரிமைக்கு வழி திறந்தது, ஆனால் அவர்களில் முஸ்லிம்களைச் சேர்க்கவில்லை. இலங்கையை மொத்தமாகவே விட்டுவிட்டது. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு விலக்கு கொடுத்தது. சரி, நல்லதுதான். ஆனால் அது குடியுரிமை இல்லை.

நம் எம்.பி.க்கள் இதை விடாமல் கேட்க வேண்டும். இருக்கும் சட்டத்தில் இலங்கையைச் சேர்ப்பதா, தனிச் சட்டமா என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.