செரீனாவின் மோதிரமும் என் மொய் நோட்டும்

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு அது. நான் டிஎம், அதாவது கதையை நடத்துபவள். ஆடுபவர்கள் நான்கு பேர். இப்போது ஓடும் கேம்பெயினின், அதாவது தொடர்கதையின், நான்காவது செஷனில் நடந்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

கதைப்படி ஆளுநர் மாளிகைக்குள் நுழைய வேண்டும். ஊரின் தானியக் கிடங்குக் கணக்கு அங்கேதான் இருக்கிறது. என் சித்தி பையன் ஆடும் கேரக்டர் பிப், தெருவில் வளர்ந்த திருட்டுப் பையன். சித்தி பையன் அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து கிராஃப் தாளில் மாளிகையை வரைந்து கொண்டுவந்திருந்தான். எந்தக் கூரை வழியாக ஏறலாம், சாக்கடை எங்கே திறக்கிறது, காவல் எப்போது மாறும், எல்லாம் குறித்திருந்தான். அவன் தாளை விரிப்பதற்குள் செரீனா முன்வாசலுக்குப் போய்விட்டாள். அவள் வால்மோர் பிரபு வீட்டுப் பெண். ஆடுவது என் ஆபீஸ் தோழி. முத்திரை மோதிரத்தைக் காட்டினாள், கதவு திறந்தது. சித்தி பையன் தாளை மடித்துப் பைக்குள் வைத்தான். அதன் பிறகு நாற்பது நிமிஷம் அவன் பகடையைத் தொடவே இல்லை.

தோழி செய்ததில் தப்பே இல்லை. 2014 விதிப்புத்தகத்தில் கேரக்டருக்கு நோபிள், அதாவது பிரபு வீட்டுப் பின்னணியை எடுத்தால் கிடைப்பது அதுதான். மேட்டுக்குடி வட்டாரத்தில் உங்களை வரவேற்பார்கள், எங்கே நின்றாலும் நிற்க உரிமை உள்ளவர் என்றே நினைப்பார்கள், உள்ளூர்ப் பிரபுவைச் சந்திக்க வேண்டுமென்றால் ஏற்பாடு செய்துகொள்ளலாம். காசு விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பிரபு வீட்டுப் பிள்ளைக்கு நல்ல உடை, மோதிரம், வம்சாவளிச் சுருள், 25 பொற்காசு. தெருவில் வளர்ந்தவனுக்குச் சின்னக் கத்தி, தன் ஊரின் வரைபடம், ஒரு வளர்ப்பு எலி, பெற்றோரின் நினைவாக ஏதோ ஒன்று, 10 பொற்காசு. முழுத் தகட்டுக் கவசம் 1,500 பொற்காசு விற்கும் உலகத்தில் 15 காசு வித்தியாசம் ஒன்றுமே இல்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. அதே புத்தகத்தில் பிரபுக்களைப் போல வாழ ஒரு நாளைக்குக் குறைந்தது 10 பொற்காசு ஆகும். ஆக செரீனாவின் பணம் இரண்டரை நாளைக்குத்தான் தாங்கும். 'பெரிய வீட்டுப் பெண்ணிடம் ஏன் இவ்வளவுதான் இருக்கிறது' என்று ஆடுபவர் கேட்டால், நம்மிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது: வாழ்ந்து கெட்ட குடும்பம். நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பெயர் மட்டும் மிச்சம் இருக்கும், கூரை ஒழுகும்.

ஆகவே ஆடுபவர்களுக்குள் சமன் செய்ய வேண்டியது காசை அல்ல, அந்தப் பெயரைத்தான். அதைப் புரிந்துகொள்ளாமல் ஐந்தாவது செஷனில் பெயரையே பிடுங்கினேன். ஒரு காவலாளி "வால்மோரா? கேள்விப்பட்டதே இல்லையே" என்றான். அன்றிரவே கொள்ளைக்காரர்கள் மோதிரத்தைப் பறித்துப் போனார்கள். மறுநாள் தோழி போன் செய்தாள். "அக்கா, அந்தக் குடும்பத்தைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேனே. அதுல எதுவுமே இந்த ஊருக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒருவருடைய ஆட்டத்தைக் காப்பாற்றுகிறேன் என்று இன்னொருவருடைய கேரக்டரை அழித்திருக்கிறேன். ஆறாவது செஷன் தொடங்கும்போதே மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இதே மாதிரி கேரக்டர் எடுத்து ஆடும் மற்ற விளையாட்டுகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன என்று பார்த்தேன். 1977-இல் வந்த டிராவலரில் சமூக அந்தஸ்தே இரண்டு பகடையில் விழுவது. 12 விழுந்தால் பாரன் என்ற பிரபுப் பட்டம், அவ்வளவுதான், அதிர்ஷ்டம். 1986-இல் வந்த கர்ப்ஸில் அந்தஸ்தைப் புள்ளி கொடுத்து வாங்க வேண்டும். தாளில் இது நியாயமாகத் தெரிகிறது. ஆனால் நான்காவது செஷனில் கதவு திறக்கும்போது, அதற்காக ஒருத்தி ஆரம்பத்தில் எத்தனை புள்ளி கொடுத்தாள் என்பது மேசையில் யாருக்கும் நினைவிருக்காது. பென்டிராகனில் எல்லோருமே வீரப் பிரபுக்கள், அதனால் சிக்கலே எழாது. ஆர்ஸ் மேஜிகா எனக்குப் பிடித்திருந்தது. மந்திரவாதிகள் மற்றவர்களைவிடப் பலசாலிகள் என்பதை அது ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறது. ஆடுபவர்கள் முறைவைத்து மந்திரவாதியாகவும் சாதாரண ஆளாகவும் ஆடுகிறார்கள். பலத்தைக் குறைக்காமலே நியாயம் செய்யலாம் என்று அதில்தான் கற்றுக்கொண்டேன்.

ஆனால் எனக்கு வழி கிடைத்தது ஒரு கல்யாண மண்டபத்தில். மதுரைப் பக்கம் ஒரு விசேஷம். வாசலில் மாமா மொய் எழுதிக்கொண்டிருந்தார். பெயர், ஊர், தொகை. வந்தவர் கொடுக்கிறார், எழுதியாகிறது, நாளை அவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் திருப்பிச் செய்தாக வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது தோன்றியது: வால்மோர் என்ற பெயருக்குக் கதவு திறப்பதும் இப்படித்தானே? எந்த ஆளுநரும் சும்மா திறக்க மாட்டார்.

அடுத்த சனிக்கிழமை ஒரு நீள நோட்டு வாங்கி மேசை நடுவில் வைத்தேன். என் மறைப்புப் பலகைக்குப் பின்னால் வைக்கவில்லை, எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தேன். செரீனா மோதிரத்தைக் காட்டும்போதெல்லாம் கதவு திறக்கும், அதில் மாற்றமே இல்லை. திறந்தவர் யார், எந்த ஊர், என்ன எதிர்பார்க்கிறார் என்று அங்கேயே எழுதிவிடுவேன். முதல் வரி நான்காவது செஷனின் பாக்கி: ஆளுநர், மாளிகை, தன் இரண்டாவது மகனுக்கு வால்மோர் படையில் ஒரு பதவி. தோழி அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். அப்புறம் மோதிரத்தைக் காட்டுமுன் ஒரு நொடி யோசிக்க ஆரம்பித்தாள். அந்த ஒரு நொடியில்தான் மற்றவர்களுக்குப் பேச இடம் கிடைத்தது.

நோட்டு மட்டும் போதாது. முன்வாசல் வழியாகப் போகிறவளுக்கு முன்வாசலில் உள்ளது மட்டும்தான் தெரிய வேண்டும். ஆறாவது செஷனில் ஆளுநர் விருந்து வைத்தார். மூன்று மணி நேரம் செரீனா நாற்காலியை விட்டு எழ முடியாது, எல்லோரும் அவளையே பார்க்கிறார்கள். பிப் அவளுடைய வேலைக்காரன் வேஷத்தில் சமையற்கட்டில் இருக்கிறான். கூடத்தில் ஐந்து நிமிஷம், சமையற்கட்டில் ஐந்து நிமிஷம் என்று மாற்றி மாற்றி நடத்தினேன். கிடங்கு நிறையத் தானியம் இருக்கிறது என்று ஆளுநர் செரீனாவிடம் சத்தியம் செய்தார். அதே நேரம் சமையல்காரம்மா பிப்பிடம், மூட்டைகளில் பாதி மணல் என்றாள். பிரபு வீட்டுப் பெண்ணிடம் அவள் அதைச் சொல்லியிருக்கவே மாட்டாள். சித்தி பையன் பையிலிருந்து பழைய கிராஃப் தாளை எடுத்து விரித்தான். சாக்கடை வழி கடைசியில் பயன்பட்டது.

நோட்டில் இப்போது நாலு பேருக்கும் பக்கம் உண்டு. குருமார் பின்னணி எடுத்தவருக்குக் கோயிலில் வைத்தியமும் தங்க இடமும் உண்டு. படைவீரருக்குப் பழைய பதவியின் மரியாதை உண்டு. எல்லாம் வரவு எழுதப்படுகிறது, எல்லாவற்றுக்கும் ஒருநாள் ஆள் வருகிறது. ஒன்பதாவது செஷனில் ஆளுநரின் இரண்டாவது மகன் பெட்டியோடு வந்து இறங்கினான், இன்னும் அவர்களோடுதான் சுற்றுகிறான்.

2024 பதிப்பில் இந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். நோபிள் என்றால் இப்போது வலு, அறிவு, வசீகரம் ஆகியவற்றில் கூடுதல் புள்ளியும் ஒரு தனித் திறனும். கருவிப் பட்டியலில் மோதிரம் போய் வாசனைத் திரவியம் வந்திருக்கிறது. சமன் செய்வது சுலபம்தான். எனக்கு அந்த மோதிரம் வேண்டும், அதனால் பழைய புத்தகத்திலேயே தொடர்கிறோம்.

போன வாரம் பதினோராவது செஷன். நிலவறையில் செரீனா விழுந்துகிடக்கிறாள், சாவுப் பகடையில் இரண்டு தோல்வி, இன்னொன்று தோற்றால் உயிர் போய்விடும். பிப் கயிற்றில் இறங்கி, தன்னிடம் இருந்த ஒரே மருந்துக் குப்பியை அவள் வாயில் ஊற்றினான். அன்று ஆட்டம் முடிந்து டம்ளர்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். தோழி நோட்டை இழுத்துத் தன் பக்கத்தைத் திருப்பி, அவளே எழுதினாள்:

பிப். கீழ்த்தெரு. ஓர் உயிர்.

சித்தி பையன் அதை இரண்டு முறை படித்தான். பிறகு போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டான்.