பிலடெல்பியாச் சுவரில் செண்டுப்பூ

எச்1பி வேலை விசாக்காரரின் துணையாக எச்4 விசாவில் வருகிறவர்களுக்கு அமெரிக்காவில் கிடைக்கிற வேலை ஒன்றுதான்: சம்பளமில்லாத வேலை. அதையும் இஷ்டத்துக்குச் செய்துவிட முடியாது. வழக்கமாகக் காசு கொடுத்து ஆள் வைக்கிற வேலையை நாம் சும்மா செய்துகொடுத்தால்கூட விதிமீறல் என்று சொல்லிவிடலாம். லாப நோக்கில்லாத அமைப்பாக இருக்க வேண்டும், எல்லாரும் இலவசமாகவே செய்கிற வேலையாக இருக்க வேண்டும், பதிலுக்கு ஒன்றும் வாங்கக்கூடாது. 2015 மே மாதம் இந்த விதி கொஞ்சம் தளர்ந்தது. எச்1பியில் இருக்கிற துணைவரின் கிரீன் கார்டு மனு குறிப்பிட்ட ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால் எச்4காரரும் வேலை அனுமதி கேட்கலாம். எங்கள் மனு அந்தக் கட்டத்தை எட்டச் சில வருடங்கள் ஆயின. மதுரையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வணிகவியல் நடத்திக்கொண்டிருந்த நான், அந்த வருடங்களில்தான் பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொண்டேன்.

பிலடெல்பியாப் பக்கம் வரும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் கிங் ஆஃப் பிரஷியா, எக்ஸ்டன் என்று புறநகரில் குடியேறிவிடுவார்கள். நல்ல பள்ளிக்கூடம், கார் நிறுத்த இடம், பக்கத்திலேயே இந்தியக் கடை. நாங்கள் தெற்கு பிலடெல்பியாவில் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கணவருடைய அலுவலகம் நகர மையத்தில், சப்வேயில் போய்விடலாம், இரண்டாவது கார் வேண்டாம். பார்க்கிற தமிழர்கள் எல்லாம், "சிட்டிக்குள்ளேயா இருக்கீங்க? பயமா இல்லையா?" என்று கேட்பார்கள். பயம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த வட்டாரத்தில் நான் பார்த்த அளவுக்கு விதவிதமான மனிதர்களைப் புறநகரில் பார்த்திருக்க மாட்டேன். நூறு வருடத்துக்கு முன்னால் வந்த இத்தாலியர்களின் பேரப்பிள்ளைகள், எழுபது எண்பதுகளில் தப்பி வந்த கம்போடியர்கள், மெக்சிகோவின் புவெப்லா மாநிலத்திலிருந்து வந்தவர்கள், பூட்டானிலிருந்து துரத்தப்பட்ட நேபாளிகள், பர்மாவிலிருந்து வந்த கரென், சின் மக்கள். இவர்களுக்கெல்லாம் முந்தியே அங்கே வேர்விட்ட கறுப்பினக் குடும்பங்கள்.

அப்புறம் சுவர்கள். மதுரையில் சுவர் என்றால் கட்சிக்காரர்கள் ஒரு வருடம் முன்னாலேயே துண்டு போட்டு வைத்திருப்பார்கள், மிச்சம் இருக்கிற இடத்தில் 'விளம்பரம் செய்யாதீர்' என்று எழுதியிருக்கும். இங்கே மூன்று மாடி, நான்கு மாடி உயரத்துக்கு ஓவியம். 1984இல் மேயர் வில்சன் குட், சுவர்க் கிறுக்கலை ஒழிக்க ஒரு திட்டம் கொண்டுவந்தார். இனிமேல் கிறுக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போடுகிற பையன்களுக்கு மன்னிப்பு. அவர்களோடு வேலை செய்ய ஜேன் கோல்டன் என்கிற இளம் ஓவியரை நியமித்தார்கள். பையன்களுக்குக் கைத்திறமை இருக்கிறது, சுவரும் வேண்டும் என்று புரிந்துகொண்ட அந்த அம்மாள் அவர்களை வைத்தே சுவர்களில் வரையத் தொடங்கினார். 1996இல் அது மியூரல் ஆர்ட்ஸ் என்று தனித் திட்டமாயிற்று. இன்றைக்கு 4,000க்கு மேற்பட்ட சுவரோவியங்கள் அதன் கணக்கில் இருக்கின்றன.

இவ்வளவு பெரிய சுவரைப் படம் வரையத் தெரியாதவர்கள் எப்படி வரைகிறார்கள் என்று எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. பார்த்த பிறகு எளிமையாகிவிட்டது. ஓவியர் படத்தை ஐந்தடிக்கு ஐந்தடி சதுரங்களாகப் பிரிக்கிறார். ஒவ்வொரு சதுரமும் ஒரு துணி. நெய்யாத மெல்லிய துணி, ரவிக்கைக் கழுத்துக்கு டெய்லர் உள்ளே வைத்துத் தைக்கும் கேன்வாஸ் மாதிரி இருக்கும். இங்கே அதற்குப் பாராசூட் துணி என்று பேர். கோடு போட்டு, கட்டத்துக்குக் கட்டம் எண் எழுதி, எண்ணுக்கு ஏற்ற அக்ரிலிக் பெயின்டைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். ஐந்து வயதுப் பிள்ளையும் அடிக்கலாம், எண்பது வயதுப் பாட்டியும் அடிக்கலாம். மழையோ பனியோ கவலையில்லை, ஏதாவது ஒரு பள்ளிக்கூட ஹாலில் மேசை போட்டால் போதும். காய்ந்த துணிகளைச் சாரத்தில் ஏறிச் சுவரில் ஒட்டுவது தனிக் குழு. அக்ரிலிக் பசையில் ஒட்டி, மேலேயும் ஒரு பூச்சுப் பூசினால் துணியும் சுவரும் ஒன்றாகிவிடும். இந்த முறையால்தான் சிறையில் இருப்பவர்களும் ஊர்ச் சுவருக்கு வரைய முடிகிறது. அவர்கள் வெளியே வரவேண்டாம், துணி வந்துவிடும்.

ஆனால் வண்ணம் அடிப்பது இதில் சுலபமான பகுதி. நேரத்தையும் பொறுமையையும் தின்பது அதற்கு முந்தைய கூட்டங்கள்: சுவரில் என்ன வரைவது?

நான் கலந்துகொண்ட சுவர் பெரிய பேர் பெற்றதல்ல. பக்கத்துத் தெருவில் ஒரு பக்கச் சுவர், வீட்டுக்காரர் சம்மதித்திருந்தார். கூட்டத்துக்கு வந்த இத்தாலியத் தாத்தா ஒன்பதாம் தெருச் சந்தை வேண்டும் என்றார். கம்போடியப் பெண்கள் அப்சரஸ் வேண்டும் என்றார்கள். தலையில் நேபாளிகளின் டாக்கா தொப்பி வைத்த பூட்டான்-நேபாளிப் பெரியவர் ஒருவர் மூங்கில் குடிசை வேண்டும் என்றார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பூட்டானின் தெற்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, ஒரு லட்சத்துக்கும் மேலானவர்கள் கிழக்கு நேபாள முகாம்களில் அப்படிப்பட்ட குடிசைகளில்தான் வாழ்ந்தார்கள். 2007க்குப் பிறகுதான் அமெரிக்காவும் வேறு சில நாடுகளும் அவர்களை எடுத்துக்கொண்டன. பெரியவருக்கு அது சரித்திரம். அவர் சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசையில் இருந்த ஒரு நேபாளி அக்கா எழுந்துவிட்டார். அவர் பேசியதை ஒரு பையன் ஆங்கிலத்தில் சொன்னான்: பதினேழு வருடம் அந்தக் குடிசையில் இருந்தேன், தினமும் ஜன்னலைத் திறந்து அதையே பார்க்கவா இங்கே வந்தேன்?

கூட்டம் அமைதியாகவில்லை, சத்தம் கூடியது. இளைஞர்கள் அக்கா பக்கம், வயதானவர்கள் தொப்பிக்காரர் பக்கம். முகாமில் பிறந்த ஒரு பெண், வரைந்தால் குடிசையை வரையுங்கள், ஆனால் அழுகிற முகம் மட்டும் வேண்டாம் என்றாள். எங்கள் ஊர்க் கூட்டமாக இருந்தால் தலைவர் மைக்கைப் பிடுங்கி முடித்துவைத்திருப்பார். அந்த ஓவியர் எழுதிக்கொண்டே இருந்தார். அடுத்த கூட்டத்துக்கும் எல்லாரும் வந்தார்கள், மறுபடியும் சண்டை போட்டார்கள். உலக நாடுகளுக்கிடையே புரிதல் என்று மேடையில் பேசுகிறார்களே, அதற்கு இந்தச் சண்டைக்கு மேல் நல்ல வடிவம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரே சமூகத்துக்குள் இத்தனை கருத்து இருக்கிறது என்பதே பக்கத்து வீட்டு இத்தாலியருக்கு அன்றுதான் தெரியவந்தது. அதுவரை அவருக்கு அவர்கள் எல்லாரும் 'அந்த நேபாளிகள்'.

கடைசியில் முடிச்சை அவிழ்த்தது செண்டுப்பூ. ஓவியர் மாதிரிக்காகக் கொண்டுவந்த படக்கட்டில் ஒரு செண்டுப்பூ இருந்தது. இது எங்கள் தீபாவளியான தீஹாருக்கு அண்ணன் தம்பி கழுத்தில் போடுகிற சயபத்ரி என்றார் நேபாளி அக்கா. இல்லை, இறந்தவர்களுக்கு நவம்பர் தொடக்கத்தில் படைக்கிற செம்பசூச்சில் என்றார் புவெப்லாக்கார அம்மா. ஆயுத பூஜைக்கு மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மூட்டை மூட்டையாக வந்து இறங்குமே, அது என்றேன் நான். மூன்றும் ஏறக்குறைய ஒரே பருவம். நம் ஊர்ப் பூ என்று நான் நினைத்துக்கொண்டிருந்த செண்டுப்பூ மெக்சிகோப் பக்கத்துப் பூதானாம். ஐரோப்பியக் கப்பல்கள் வந்த காலத்துக்குப் பிறகுதான் நம் பக்கம் வந்து சேர்ந்தது. புவெப்லா அம்மாவுக்கு ஏகப்பட்ட பெருமை. குடிசையும் வந்தது, ஓரமாக, கூரையெல்லாம் செண்டுப்பூவாக. தொப்பிக்காரரும் அக்காவும் தத்தம் பக்கம் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டார்கள்.

இது எங்கள் தெருக் கதை. நகரத்தில் இதைவிடக் கனமானவை உண்டு. ஜெர்மன்டவுன் அவென்யூவில் அல் அக்சா மசூதி இருக்கிறது. பழைய மரச்சாமான் கிடங்கைத் தொழுகைக்கூடமாக்கியிருந்தார்கள், வெளியே பார்த்தால் கிடங்காகவேதான் தெரியும். 2001 செப்டம்பருக்குப் பிந்தைய அந்தக் கெட்ட காலத்தில், யூதரான சிற்பி ஜோ பிரென்மனும் ஓவியர் கேத்லீன் ஹியூஸும் அந்தச் சுவர்களை மாற்றும் வேலையில் இறங்கினார்கள். முஸ்லிம், கிறித்தவ, யூதப் பிள்ளைகள் செய்த ஓடுகள் இன்று அந்த வெளிச்சுவரில் பதிந்திருக்கின்றன. ஊரிலிருந்து யார் வந்தாலும் சுதந்திர மணியைக் காட்டியதும் நான் அங்கே கூட்டிப்போய்விடுவேன்.

எங்கள் பக்கத்தில் ஏழாம் தெருவில் ஒரு பழைய கடையை எடுத்து, சவுத்ஈஸ்ட் பை சவுத்ஈஸ்ட் என்ற பெயரில் பர்மா, பூட்டான் அகதிகளுக்காக ஓவியப் பட்டறையும் ஆங்கில வகுப்பும் நடத்தியது மியூரல் ஆர்ட்ஸ். கதவைத் திறந்தால் படமும் பாடமும் ஒரே அறையில். வரையத்தான் வந்தேன் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் அப்படியே தபாலில் வந்த கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லவும் முடிகிற இடம்.

சரி, இப்படி உழைக்கிறவர்களைக் கௌரவிப்பது எப்படி? அமெரிக்காவில் இதற்கு அளவு மணிநேரம். 2003இல் ஜனாதிபதியின் தன்னார்வச் சேவை விருது என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள்; 2025இல் அதை நிறுத்திவைத்துவிட்டார்கள். பெரியவர்கள் ஒரு வருடத்தில் 100 மணிநேரம் சேவை செய்தால் வெண்கலம், 250 என்றால் வெள்ளி, 500 என்றால் தங்கம். வாழ்நாளில் 4,000 மணிநேரத்துக்குத் தனி விருது என்று இருந்தது. பல தமிழ்ப் பள்ளிகள் இதற்குச் சான்றளிக்கும் அமைப்புகளாகப் பதிவு செய்துகொண்டன. கல்லூரி விண்ணப்பத்தில் போட உதவுமே என்று பெற்றோர்கள் பிள்ளைகளின் மணிநேரத்தைக் கணக்குப்பிள்ளை மாதிரி எழுதிவைப்பதைப் பார்த்திருக்கிறேன். குறை சொல்லவில்லை, அதனால்தான் பல வகுப்புகளுக்கு உதவியாளர் கிடைத்தார்கள். ஆனால் விருதுக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டியிருந்தது. எச்4காரர் ஆயிரம் மணிநேரம் வரைந்தாலும் கணக்கில் பூஜ்யம். ஒருமுறை வரைந்தவர்களுக்கெல்லாம் மளிகைக் கடைப் பரிசு அட்டை கொடுத்தார்கள். விசாவை நினைத்து நான் வேண்டாம் என்றேன். அது கௌரவக் குறைச்சல் என்று புவெப்லா அம்மாவுக்குக் கோபம். விளக்கிச் சொல்லிப் புரியவைக்க அரைநாள் ஆனது.

எனக்கு வேறு ஒரு கவலை. அந்த நேபாளி அக்கா ஒரு சதுரம்கூட முழுதாக அடித்ததில்லை. அவர் செய்தது, வீட்டைவிட்டு வெளியே வராத நாலு பாட்டிகளை ஒவ்வொரு முறையும் கைப்பிடித்துக் கூட்டிவந்தது. தெருமுனையில் இருந்த கறுப்பினப் பெரியவர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். சாரம் கட்டியிருந்த வாரங்களில் தினமும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவரிடமெல்லாம் என்ன வரைகிறார்கள் என்று கதை சொல்வார். பாதி கதை அவரே கட்டியது. முறைத்துக்கொண்டு போனவர்கள் நின்று கேட்டதற்கு அவர்தான் காரணம். இந்த வேலைக்கெல்லாம் மணிக்கணக்குத் தாள் கிடையாது.

எங்கள் வட்டாரத் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் இவர்களைப் போன்றவர்களுக்குப் பொன்னாடை போர்த்தலாமா என்று கேட்டேன். "அவங்க தமிழர் இல்லையேம்மா?" என்றார் ஒரு மூத்த உறுப்பினர். பட்டிமன்ற நடுவருக்கும் கவுன்சிலருக்கும் போர்த்துகிறோமே அண்ணா, கவுன்சிலர் எந்த ஊர்த் தமிழர் என்றேன். சிரித்துவிட்டார், தீர்மானம் நிறைவேறியது. மூன்று பொன்னாடை, தலா இரண்டு நிமிட அறிமுகம். நம் வழக்கப்படி அறிமுகம் நீண்டுகொண்டே போனது வேறு விஷயம். நேபாளி அக்கா மேடையிலேயே பொன்னாடையை எடுத்து அவர்கள் வழக்கப்படி இடுப்பில் சுற்றிக்கொண்டார். ஹாலில் விசில் பறந்தது. பஸ் டிரைவர் பெரியவருக்குக் கிடைத்தது ஜரிகைக் கரை போட்ட பச்சை. பிலடெல்பியாவின் அமெரிக்கக் கால்பந்து அணியான ஈகிள்ஸின் நிறம் என்று தெரிந்தே எடுத்தீர்களா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தோம். கால்பந்து ஆட்டத்துக்கெல்லாம் அதைத்தான் கழுத்தில் சுற்றிக்கொண்டு போகிறார்.

இப்போது அது வருடாவருடம் நடக்கிறது, கூடவே நம் ஆட்களின் சிவப்பு நாடாவும் வந்துவிட்டது. பரிந்துரைப் படிவம் ஒன்று தயாரித்திருக்கிறார்கள், அதில் 'ஆற்றிய சேவை: எத்தனை மணிநேரம்' என்று ஒரு கட்டம். அதற்குப் பதிலாக 'யாரை யாரோடு பேச வைத்தார்' என்று போடுங்கள் என்று நான் சொல்கிறேன். தணிக்கைக்கு எண் வேண்டும் என்கிறார் பொருளாளர். வணிகவியல் நடத்திய நீங்களே இப்படிப் பேசலாமா என்று வேறு கேட்கிறார். கட்டம் இன்னும் படிவத்தில்தான் இருக்கிறது.