கையைக் கட்டிக்கொண்டு நின்ற எட்டு மாதம்

எங்கள் பேக்கிங் பிரிவில் லேபிள் ரோல் மாற்றுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மற்றவர்களுக்கு 10 நிமிடம் பிடிக்கும் வேலையை நான் 4 நிமிடத்தில் முடிப்பேன். அந்த 4 நிமிடத்துக்காகத்தான் என்னை லைன் லீடர் ஆக்கினார்கள். அடுத்த எட்டு மாதம் என்னைப் பாடாய்ப் படுத்தியதும் அதே 4 நிமிடம்தான்.

பதவி உயர்வுக் கடிதம் வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. திங்கட்கிழமை காலை மூன்று புது ஆட்கள் என் முன்னால் நின்றார்கள். எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்று சொல்லிவிட்டு மேலாளர் போய்விட்டார்.

சரி என்று ஆரம்பித்தேன். மெஷினை நிறுத்தி, பழைய ரோலைக் கழற்றி, புதியதை மாட்டி, உருளைகளுக்கு நடுவே காகிதத்தை நுழைத்து இழுத்து, சென்சாரைச் சரிபார்த்து ஓட்டிக் காட்டினேன். கை ஓட ஓட வாயும் ஓடியது. நடுநடுவே "இங்க ஜாக்கிரதை", "இது முக்கியம்", "இதெல்லாம் போகப்போகத் தெரிஞ்சிடும்". முடித்துவிட்டு, "புரிஞ்சுதா?" என்றேன். மூன்று பேரும் தலையாட்டினார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில், பின்னால் பத்துப் பேர் காத்திருக்கும்போது, புரியவில்லை என்று யார்தான் சொல்வார்கள்? அது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

மதியத்துக்குள் லைன் மூன்று தடவை நின்றது. ஒரு தடவை லேபிள் கோணலாக ஒட்டியது. ஒரு தடவை அடிக்காகிதம் கிழிந்தது. மூன்றாவது தடவை காகிதத்தை உருளைக்குத் தவறான பக்கமாக விட்டிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் "தள்ளுங்க, நான் பாத்துக்கறேன்" என்று நானே சரிசெய்தேன். மூன்று வாரம் இப்படியே போனது. அதற்குள் மூவரில் ஒருவர் வேலையை விட்டு நின்றுவிட்டார். "ஆள் சரியில்லை சார்" என்று மேலாளரிடம் சொன்னேன். பொய்யாகச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன்.

அப்புறம் ஒரு முறை இரண்டு நாள் விடுப்பு எடுத்தேன். திரும்பி வந்தபோது, இரண்டு நாளிலும் சேர்த்து லைன் 5 மணி நேரம் நின்றிருந்தது தெரிந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். மேலாளர் அந்தப் பெருமையைத் தொடர விடவில்லை. "நீ லீவு போட்டா லைன் நிக்குதுன்னா, நீ இன்னும் ஆபரேட்டராத்தான் இருக்கேன்னு அர்த்தம்" என்றார். இனி மெஷினில் நான் கை வைக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு நோட்டில் குறித்துவைக்கச் சொன்னார். கூடவே ஒரு பயிற்சி வகுப்புக்கும் அனுப்பினார்: ஒரு நாளைக்கு 2 மணி நேரம், 5 நாள்.

பயிற்சி என்றாலே எனக்கு அலர்ஜி. பெரிய ஹாலில் உட்காரவைத்து, ஒருவர் மைக் பிடித்து ஊக்கப்படுத்துவார். கைதட்டிவிட்டு வந்தால் அடுத்த நாள் ஒன்றும் மாறியிருக்காது. இது அப்படி இல்லை. ஒரு சின்ன அறையில் பத்தே பேர். முறையும் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவசாலிகள் பலர் போர்முனைக்குப் போக, எந்திரத்தையே பார்த்திராதவர்கள் வேலைக்கு வந்து குவிந்தார்கள். அவர்களைச் சீக்கிரம் தயார்செய்ய, மேற்பார்வையாளர்களுக்கே கற்றுத்தரும் ஒரு திட்டத்தை 1940-இல் அந்நாட்டு அரசு தொடங்கியது. 'ட்ரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி', சுருக்கமாக டி.டபிள்யூ.ஐ. 1945-இல் அங்கே அது முடிந்தது. போருக்குப் பின் ஜப்பானுக்குப் போய், டொயோட்டாவில் நிலைத்துவிட்டது.

முதல் நாள் பயிற்றுநர் கையில் ஒரு துண்டு மின்கம்பி. பழைய காலத் தொங்கு விளக்குகளில் கம்பியை யாராவது இழுத்தால் இணைப்பு பிய்ந்துவிடாதபடி உள்ளே ஒரு முடிச்சுப் போடுவார்களாம். "கை வேலையில் கெட்டிக்காரர் யார்?" என்றார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். முதலில் வாயால் மட்டும் சொன்னார்: வலது இழையை முன்னால் கொண்டுவந்து வளையமாக்கு, இடது இழையை அதன் பின்னால் விடு... மூன்றாவது வாக்கியத்திலேயே தொலைந்துபோனேன். அடுத்து ஒரு வார்த்தை பேசாமல் எதிரே நின்று போட்டுக் காட்டினார். அவருடைய வலது எனக்கு இடது. என் கையில் வந்தது ஒரு சிக்கல். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, காது சூடானது. "புரிஞ்சுதா?" என்று கேட்டார். என் தலை தானாக ஆடியது.

அந்த இடத்தில்தான் என் மூன்று புது ஆட்களின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது.

அப்புறம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மூன்று தடவை போட்டுக் காட்டினார். முதல் தடவை படிகள் மட்டும். இரண்டாம் தடவை ஒவ்வொரு படியிலும் எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் சேர்த்து. மூன்றாம் தடவை அது ஏன் என்பதோடு. பிறகு என்னைப் போடச் சொன்னார். சரியாக வந்த பிறகும் விடவில்லை. போட்டுக்கொண்டே படியைச் சொல், கவனிக்க வேண்டியதைச் சொல், காரணத்தைச் சொல் என்று திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். இன்றைக்கும் அந்த முடிச்சை இருட்டில்கூடப் போடுவேன்.

அந்தத் திட்டத்தில் ஒரு வாசகம் உண்டு: தொழிலாளி கற்கவில்லை என்றால், பயிற்றுநர் கற்றுத்தரவில்லை. முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது. எல்லாப் பழியையும் நம் தலையில் போட்டால் எப்படி? இப்போதும் அதை முழுசாக ஏற்றுக்கொள்ளவில்லை, உண்மையிலேயே விருப்பமில்லாத ஆட்களும் உண்டு. ஆனால் வேலையை விட்டுப் போனவர் அப்படிப்பட்டவரா என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நான் அவருக்குக் கற்றுத்தரவே இல்லையே.

வகுப்பில் கொடுத்த வீட்டுப்பாடம், நம் வேலை ஒன்றைப் பிரித்து எழுதுவது. மூன்று பத்திகள்: படி, கவனிக்க வேண்டிய இடம், காரணம். 4 நிமிட வேலைதானே, பத்து நிமிடத்தில் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். மூன்று மாலை ஆனது. என் கைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. கடைசியில் இன்னொரு பிரிவு நண்பரைப் பக்கத்தில் நிற்கவைத்து, நான் ரோல் மாற்ற மாற்ற அவரை எழுதச் சொன்னேன். பாதியில் நிறுத்தி, "கட்டைவிரலால ஒரு தட்டு தட்டினீங்களே, அது எதுக்கு?" என்றார்.

"எது?" என்றேன்.

மறுபடி செய்து பார்த்தோம். ரோலின் பக்கத்தட்டை இறுக்கிய பிறகு, கட்டைவிரலால் ரோலை லேசாகத் தட்டி, தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பார்க்கிறேன். எத்தனை வருடமாகச் செய்கிறேனோ தெரியாது, யாரிடமும் சொன்னதில்லை. தட்டு ரோலை அழுத்தினால் அது தடைபட்டுச் சுற்றும், காகிதம் இழுபடும், லேபிள் கோணும். மூன்று வாரம் புது ஆட்களைத் திட்டியதற்கு ஒரு காரணம் அந்த ஒரு தட்டு.

அதே மாலையில் இன்னொன்றும் வெளிவந்தது, இது அவ்வளவு பெருமையானதல்ல. நான் மெஷினை மெதுவாக ஊரவிட்டுக்கொண்டே காகிதத்தை உருளைக்குள் நுழைப்பேன். விரல் மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதைப் 'படி' என்று எழுதப் பேனா ஓடவில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு நுழைத்துப் பார்த்தால் ஆறு நிமிடம் ஆனது. ஆக, என்னை லீடர் ஆக்கிய வேகத்தில் இரண்டு நிமிடம் கற்றுத்தரவே கூடாத குறுக்குவழி. தாளில் 6 நிமிடம் என்றே எழுதினேன்.

முதல் வரைவில் 23 வரிகள் இருந்தன. பயிற்றுநர் சிவப்புப் பேனாவால் அடித்து 6 படிகளாக்கினார். வேலையைக் கெடுக்கக்கூடியது, ஆளைக் காயப்படுத்தக்கூடியது, வேலையைச் சுலபமாக்கும் கைப்பக்குவம், இந்த மூன்றில் எதிலும் சேராதது தாளில் இருக்கக் கூடாது என்றார். 'அதுக்குள்ள விட்டு இதுக்கு மேல எடு' என்று நான் சொல்லிவந்த ஏழு உருளைகளுக்கும் மார்க்கரால் எண் போட்டேன். ஏன் முன்பே தோன்றவில்லை என்று கேட்காதீர்கள்.

மீதமிருந்த இருவருக்கும் தனித்தனியாக, ஷிஃப்ட் மாறும் இடைவெளியில் மறுபடி கற்றுக்கொடுத்தேன். இருவரில் ஒருவரான பெண் தானாகச் செய்து பார்த்தபோது நான்காம் உருளையில் தடுமாறி நின்றார். என் கை தானாக மேலே போனது. இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டேன். எதிர்ச் சுவரின் கடிகாரத்தில் 40 வினாடி ஓடியது. அவ்வளவு நீளமான 40 வினாடியை நான் பார்த்ததில்லை. அவர் காகிதத்தை மூன்றாம் உருளை வரை வெளியே எடுத்து, தானே மறுபடி விட்டார். அதன் பிறகு அந்த உருளையில் அவர் தவறு செய்து நான் பார்க்கவில்லை.

சொல்லிக்கொடுப்பதில் தேறினேனே தவிர, ஆட்களை நடத்துவதில் இன்னும் சொதப்பினேன். யாருக்கு எந்த வேலை எவ்வளவு தெரியும் என்று காட்டும் அட்டவணை ஒன்று உண்டு: வட்டத்தை நான்காகப் பிரித்து, தெரிந்த அளவுக்குக் கருப்படிப்பது. உற்சாகத்தில் நானே உட்கார்ந்து எல்லோருக்கும் நிரப்பி, சுவரில் ஒட்டினேன். எனக்கு முன்பே சேர்ந்த மூத்தவர் ஒருவருக்குப் பாதி வட்டம். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு, "ஒட்டுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் தம்பி" என்றார். கிழித்துவிட்டு, ஒவ்வொருவரோடும் மெஷின் பக்கத்தில் நின்று மறுபடி நிரப்பினேன். அவருக்குத் தெரியாதது புது சென்சார் மட்டும்தான். அது வந்தபோது யாரும் அவருக்குக் காட்டவே இல்லை.

குறை சொல்லும் விதத்திலும் அடிபட்டேன். இது பற்றி 1996-இல் குளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்திருக்கிறார்கள். கருத்துச் சொன்னதற்குப் பிறகு செயல்திறன் குறைந்த சந்தர்ப்பங்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வேலையை விட்டு ஆளைப் பற்றிப் பேசப் போனால் பலன் குறையும் என்பது அவர்கள் விளக்கம். 'எப்பவும் இப்படித்தான் செய்வீங்க' என்பது என் வாய்ப்பழக்கம். இப்போது, 'காலையில ரெண்டாவது ரோல்ல பக்கத்தட்டு இறுகியிருந்துது, நாப்பது பெட்டி திரும்பி வந்துது' என்கிறேன். தனியாகக் கூப்பிட்டுத்தான். சில நாள் பழைய வாய் வந்துவிடுகிறது.

வகுப்பு முடிந்த அன்றே படிவம் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 5-க்கு 5 போட்டேன். பயிற்சியை நான்கு நிலைகளில் அளக்கலாம் என்று 1959-இல் டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் எழுதத் தொடங்கினார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் மாறினார்களா, பலன் வந்ததா. பெரும்பாலான இடங்களில் முதல் நிலையோடு கடை சாத்திவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். எங்கள் பயிற்றுநர் இரண்டாம் வாரமும் நான்காம் வாரமும் லைனுக்கே வந்து நின்றார். ரோல் மாற்றும்போது லைன் நிற்பது வாரத்துக்கு 14 தடவையிலிருந்து 4-க்கு இறங்கியது. முழுக்க என் சாதனை என்று சொல்ல மாட்டேன். அந்தச் சமயத்தில் ரோலின் தரமும் கொஞ்சம் தேறியிருந்தது.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் மாதம் மெஷினில் நான் கை வைத்தது 61 தடவை. போன மாதம் 2. அதில் ஒன்று தேவையே இல்லாதது. அந்தப் பெண் ஏற்கெனவே சரியாகத்தான் செய்துகொண்டிருந்தார், எனக்குத்தான் பொறுக்கவில்லை.