வெறுங்கழுத்துக் கணக்கு

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளையில் 6 வருடம் நகைக்கடன் பிரிவைப் பார்த்தேன். எம்.ஏ. பொருளாதாரம் படித்துவிட்டு வேலைக்கு வந்தவன் என்பதால், வந்த புதிதில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம். கவுன்ட்டருக்கு வருகிறவர்களின் வரவு செலவை, அவர்கள் கேட்காமலே திருத்தப் பார்ப்பேன்.

அப்ரைசர் நகையை உரைகல்லில் தேய்த்து எடை போட்டு முடிக்கிறவரை எனக்கு வேலை இருக்காது. அந்த நேரத்தில் எதிரே நிற்பவருக்கு வேறென்ன கணக்குகள் இருக்கின்றன என்று கம்ப்யூட்டரில் பார்ப்பேன். அப்படித்தான் ஒருநாள், தாலிச் சங்கிலியைக் கழற்றி வைத்து 1 லட்சம் கேட்ட ஒரு அம்மாவின் பெயரில் அதைவிடப் பெரிய தொகைக்கு பிக்சட் டெபாசிட் இருப்பது தெரிந்தது. டெபாசிட்டுக்கு நாங்கள் கொடுத்த வட்டி 6.5 சதவீதம். நகைக்கடனுக்கு வாங்கியது 9.

"ஏம்மா, டெபாசிட் மேலேயே லோன் போட்டுக்கலாமே? ஏழரைதான் வட்டி. டெபாசிட்டையும் உடைக்க வேணாம், சங்கிலியும் கழுத்துலயே இருக்கும்" என்றேன்.

"அதத் தொடக்கூடாது சார். அது பொண்ணுக்கு."

"தொடவே போறதில்லம்மா. அது பாட்டுக்கு அப்படியேதான் இருக்கும்."

"வேணாம் சார். சங்கிலியையே வெச்சுக்கோங்க."

வருடத்துக்கு 1,500 ரூபாயை வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் போகிறார். அவர் போனதும் அப்ரைசரிடம் சொல்லிச் சிரித்தேன். நான் படித்த பாடத்தில் ரூபாய்க்கு முகம் கிடையாது. பெண்ணுக்கு என்று வைத்த ரூபாயும் உரத்துக்கு என்று வாங்கிய ரூபாயும் ஒன்றுதான்.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர் இந்த வழக்கத்தை 1985ல் ஒரு கட்டுரையில் விரிவாக எழுதினார் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். மனிதர்கள் மனசுக்குள் தனித்தனிப் பேரேடு வைத்திருக்கிறார்கள், ஒரு பக்கத்துப் பணத்தை இன்னொரு பக்கத்துக்கு எளிதில் மாற்றமாட்டார்கள் என்றார். இதை 'மனக்கணக்கு' என்று தமிழாக்கலாம்தான். ஆனால் நமக்கு மனக்கணக்கு என்றால் வாத்தியார் காதைத் திருகிக்கொண்டே கேட்ட பெருக்கல். பேரேடு என்றே வைத்துக்கொள்கிறேன்.

சிரித்ததற்குப் பதில் சீக்கிரமே கிடைத்தது. இதே யோசனையை நான் சொல்லி, ஒரு விவசாயி கேட்டார். டெபாசிட் மேல் கடன் வாங்கினார். நகை வீட்டிலேயே இருந்ததால் கடன் இருக்கிற நினைப்பே அவருக்கு வரவில்லை. டெபாசிட் முதிர்ந்த அன்று அசலையும் வட்டியையும் பிடித்துக்கொண்டு மீதியைக் கணக்கில் சேர்த்தோம். மீதி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பாஸ்புக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், என் பணம் எங்க?" என்று கேட்டார். விதிப்படி எல்லாம் சரி, கையெழுத்தும் அவருடையதுதான். ஆனால் யோசனை என்னுடையது. அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம்தான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தேலரும் ஹெர்ஷ் ஷெஃப்ரின் என்ற இன்னொரு பொருளாதார அறிஞரும் 1981லேயே ஒன்று எழுதியிருக்கிறார்கள்: ஒரே ஆளுக்குள் திட்டம் போடுகிறவன் ஒருவன், செலவழிக்கிறவன் ஒருவன் என இரண்டு பேர் இருக்கிறார்கள், முதல் ஆள் இரண்டாவது ஆளைக் கட்டிப்போட விதிகள் செய்கிறான். 'அதத் தொடக்கூடாது' என்பது அப்படி ஒரு விதி. நான் திட்டம் போடுகிறவனிடம் மட்டுமே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். செலவழிக்கிறவனும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான்.

படிக்கப் படிக்க, இன்னொரு ஆய்வு எங்கள் ஊருக்கே வந்திருந்தது தெரிந்தது. 2013ல் சயன்ஸ் இதழில் வெளியானது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகிய 4 பேர் செய்தது. விழுப்புரம், திருவண்ணாமலை பக்கம் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை சோதித்திருக்கிறார்கள். விடுபட்ட வடிவத்தைக் கண்டுபிடிப்பது, எண்களை வைத்து ஒரு கவனச் சோதனை. அதே ஆள்தான், அறுவடைக்கு முன் கையில் காசில்லாத நாளில் தடுமாறுகிறார். பணம் வந்த பிறகு நன்றாகச் செய்கிறார். 'இந்தத் தேதியில் வெட்டலாம்' என்று ஆலை கொடுக்கும் கட்டிங் ஆர்டர் ஆளுக்கு ஒரு நேரத்தில் வருவதால், எல்லோருக்கும் அறுவடை ஒரே மாதத்தில் விழாது. அதனால் மழையையோ மாதத்தையோ காரணம் சொல்லித் தப்பிக்க முடியாது.

அதில் ஒரு எண்ணைப் பார்த்ததும் எனக்கு எங்கள் கவுன்ட்டர் வரிசைதான் கண்ணில் நின்றது. அறுவடைக்கு முன் எதையாவது அடகு வைத்திருந்தவர்கள் 78 சதவீதம். பின்னால் 4 சதவீதம். அப்படி அடகு வைக்க வந்த எத்தனையோ பேரிடம்தான் நான் ஒரு கடனை இன்னொரு கடனோடு ஒப்பிட்டு, அரை சதவீத வித்தியாசத்தை விளக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர்கள் தலையாட்டிவிட்டு, பஜாரில் மாதம் 2 வட்டி வாங்குகிற அடகுக் கடைக்குப் போனதும் உண்டு. அதாவது வருடத்துக்கு 24 சதவீதம். அங்கே 10 நிமிடத்தில் பணம் கையில். இங்கே மூன்று படிவம், அப்ரைசர் விடுமுறை, 'நாளைக்கு வாங்க'.

பொருளாதாரம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. 9க்கும் 24க்கும் உள்ள வித்தியாசம் நிஜம், அது குடும்பங்களைத் தின்கிறது. ஆனால் அந்தக் கணக்கைப் போட வேண்டிய தலை அன்றைக்கு என்ன நிலையில் இருக்கிறது என்பதை அந்தக் கணக்குக்குள் எங்கேயும் எழுதுவதில்லை. கரும்பு கொடுத்த 14 நாளில் ஆலை பணம் தர வேண்டும் என்கிறது 1966ம் வருடக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. அந்த 14 நாள் நீளும்போது அவர் வட்டியை மட்டுமா இழக்கிறார்?

நான் மாற்றிக்கொண்டது சின்ன விஷயம். வெட்டுக்கு முன்னால் வருகிறவரிடம் யோசனை சொல்வதை நிறுத்தினேன். படிவத்தை நானே நிரப்பி, சீக்கிரம் அனுப்பிவிடுவேன். "வெட்டு முடிஞ்சு பணம் வந்ததும் ஒருதரம் வாங்கய்யா, மத்தத அப்ப பேசிக்கலாம்" என்பேன். பாதிப் பேர் வந்தார்கள்.

அந்த அம்மா 11வது மாதம் சங்கிலியை மீட்க வந்தார். முந்தானையிலிருந்து நோட்டுக் கட்டை எடுத்து எண்ணிக் கொடுத்தார். இந்த முறை நான் திருத்தவில்லை, கேட்டேன்.

"ஏம்மா அன்னிக்கு டெபாசிட் மேல லோன் வேணாம்னீங்க?"

"வெறுங்கழுத்து தெனமும் கண்ணாடியில தெரியும் சார். நாலு பேரு கேப்பாங்க. எப்படியாவது மீட்டுருவேன். அந்தக் காகிதம் பெட்டிக்குள்ள கெடக்கும். அது போனா யாருக்குத் தெரியும்?"

இழப்பின் வலி அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியைவிடப் பெரிது என்று டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979ல் எழுதினார்கள். உளவியல்காரரான கானமனுக்கு 2002ல் பொருளாதார நோபல் கிடைத்தது. இந்த அம்மா அந்த வலியைத் தனக்குக் காவல்காரனாக வேலைக்கு வைத்திருக்கிறார், வருடச் சம்பளம் 1,500 ரூபாய். எனக்கு அந்த வலி வேறு வேலை செய்கிறது. வாங்கிய விலையில் பாதிக்கு வந்துவிட்ட ஒரு கம்பெனிப் பங்கை 8 வருடமாக விற்காமல் வைத்திருக்கிறேன். விற்றால்தானே நஷ்டம்!

துணிப்பையின் முத்திரையைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். சங்கிலியைக் கண்ணில் ஒற்றி, அங்கேயே திரும்பி நின்று போட்டுக்கொண்டார். பிறகு, "அந்த டெபாசிட்ட இன்னும் ரெண்டு வருஷத்துக்குப் போட்டுடுங்க சார்" என்றார். போட்டேன்.