விஸ்காயா: கடலை நோக்கிக் கட்டப்பட்ட மாளிகை

மயாமியில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நுழைவுச்சீட்டு வாங்கக் கையில் பணம் இருக்கிறது என்றால், தயங்காமல் அதை விஸ்காயா மாளிகைக்குக் கொடுங்கள். நான் கொடுத்த 25 டாலர் சிக்கனமாகப் பயணம் செய்கிறவருக்குப் பெரிய தொகைதான். ஆனாலும் அந்த ஊரில் நான் செலவழித்த பணத்தில் முழு மதிப்புக்குத் திரும்பி வந்தது அது ஒன்றுதான்.

வீணாய்ப் போன பணம் வாடகைக் காருக்குக் கொடுத்தது. பேசிய தொகைக்கு மேல் "நெரிசல் நேரம்" என்று சொல்லி ஓட்டுநர் கூடுதலாகக் கேட்டார். மறுத்தபோது பெட்டியை இறக்கித் தர மாட்டேன் என்றார். விமான நிலையத்திலிருந்தே மெட்ரோ ரயில் ஓடுகிறது, விஸ்காயா என்ற பெயரிலேயே நிலையமும் இருக்கிறது, கட்டணமும் குறைவு என்பதால், இனிப் போகிறவர்கள் காரை நினைக்கவே வேண்டாம். நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

இந்த மாளிகையைக் கட்டியவர் ஜேம்ஸ் டீரிங். அறுவடை இயந்திரத் தொழிலில் செல்வம் சேர்த்த குடும்பத்தைச் சேர்ந்த அவர், குளிர்காலத்தைக் கழிப்பதற்காகப் பிஸ்கேன் விரிகுடாவின் கரையில் 1914இல் வேலையைத் தொடங்கி, 1916 கிறிஸ்துமஸுக்குக் குடிவந்தார். மயாமியில் ஏறத்தாழ பத்தாயிரம் பேரே வாழ்ந்த அந்தக் காலத்தில் ஆயிரம் பேருக்கு மேல் இங்கே வேலை செய்தார்கள். அவர்களில் பஹாமாஸ் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்கள் பலர். மாளிகையின் பெருமையைப் பேசும்போது அவர்களை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமில்லை.

கட்டடக் கலைஞர் எஃப். பர்ரல் ஹாஃப்மன், கலை அமைப்பு முழுவதையும் வகுத்தவர் பால் சால்ஃபின். இத்தாலியின் பழைய மாளிகைகளிலிருந்து விதானங்களையும் கதவுகளையும் கணப்படுப்புகளையும் விலைக்கு வாங்கி வந்து, அவற்றின் அளவுக்கு ஏற்ப அறைகளை வகுத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் நானூறு ஆண்டுப் பழைய வீடு போலத் தோன்றினாலும், உள்ளே சுவர் இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட், மேலே சாந்துப் பூச்சு. கூரை ஓடுகள் கியூபாவிலிருந்து வந்தவை. மின்தூக்கியும் தொலைபேசியும் அப்போதே வைத்திருக்கிறார்கள். இந்த ஒட்டுவேலையைப் போலி என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஏற்புடையதில்லை. ஈரமும் புயலும் நிறைந்த கரையில் இத்தாலிய வடிவத்தை நிற்கவைக்க வேறு வழி இருந்திருக்கும் என்று தோன்றவில்லை. ஆனால் வரவேற்பு அறையில் ஆர்கன் என்ற இசைக்கருவியின் குழாய்களை மறைப்பதற்காக ஒரு பழைய பலிபீட ஓவியத்தை இரண்டாக வெட்டிக் கதவாக்கியிருப்பதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான்கு பக்கமும் நான்கு முகம் இந்த வீட்டுக்கு. சாலையிலிருந்து காட்டுப் பாதை வழியாக வருகிறவருக்கு மேற்கு வாசல் அடக்கமாகவே தெரியும். கிழக்கில்தான் உண்மையான முகப்பு: அகன்ற படிகள், வளைவுகள் கொண்ட தாழ்வாரம், எதிரே நீர். படகில் வரும் விருந்தினருக்காகவே அது அமைந்திருக்கிறது. கரைக்குச் சற்று அப்பால், அலெக்சாண்டர் ஸ்டெர்லிங் கால்டரின் சிற்பங்களோடு கல்லால் கட்டிய ஒரு பெரிய படகு நிற்கிறது. அலங்காரத்துக்கு மட்டும் வைத்ததில்லை அது. அலைகளின் வேகத்தைத் தடுத்துக் கரையைக் காக்கிறது. உப்புக் காற்றிலும் புயல்களிலும் சிற்பங்களின் முகங்கள் தேய்ந்துபோயிருக்கின்றன.

உள்ளே எல்லா அறைகளும் நடு முற்றத்தைச் சுற்றி அமைந்துள்ளன. தொடக்கத்தில் அது திறந்த முற்றம். கடற்காற்று கிழக்குத் தாழ்வாரத்தில் நுழைந்து வீடு முழுவதும் உலவும்படி கட்டியிருந்தார்கள். 1980களில் அதன் மேல் கண்ணாடிக் கூரை போட்டுக் குளிரூட்டிவிட்டார்கள். திரைச்சீலைகளையும் மரச்சாமான்களையும் ஈரத்திலிருந்து காக்க அது தேவைதான் என்றாலும், மழை விழாத முற்றத்தில் நின்றபோது, வீட்டின் மூச்சை நிறுத்திப் பொருள்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்றே எனக்குப் பட்டது.

தோட்டம் என்னை முழுவதுமாக வென்றுவிட்டது. அதை வகுத்த டியாகோ சுவாரெஸ் கொலம்பியாவில் பிறந்து ஃப்ளோரன்ஸில் பயின்றவர். தெற்கே நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வெயில் வீட்டிலிருந்து பார்க்கிறவரின் கண்ணைக் கூசவைக்கும் என்று கண்டு, பார்வை முடியும் இடத்தில் ஒரு மேட்டை எழுப்பி, அதன் மேல் ஓக் மரங்களோடு சிறு மண்டபம் ஒன்றை அமைத்தார். இத்தாலியத் தோட்டத்தை அப்படியே பெயர்த்து வைக்காமல், இந்த நிலத்தின் வெயிலைக் கணக்கில் எடுத்துக்கொண்டு திருத்திய அறிவு அது. அந்த மேட்டின் நிழலில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

டீரிங் 1925இல் இறந்தார். அடுத்த ஆண்டே பெரும்புயல் தோட்டத்தைச் சிதைத்தது. 1952இல் உள்ளூர் அரசு மாளிகையை வாங்கியதால்தான் இன்று நாமெல்லாம் உள்ளே போக முடிகிறது.

செவ்வாய்க்கிழமைகளில் மூடியிருக்கும். தோட்டத்தில் நிழல் குறைவு என்பதால் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். கிழக்கு முகப்பில் நேர் வெயில் விழுவது காலையில் மட்டுமே. ஆகவே கதவு திறந்ததும் அறைகளைக் கடந்து நேரே கடல்புறப் படிகளுக்குப் போய்விட்டு, விதானங்களையும் ஓவியங்களையும் பிறகு பாருங்கள்.