மேடையில் பெய்யும் மழை

நேற்று ராத்திரி அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கோயில் கொடை விழாவில் வள்ளி திருமணம் நாடகம். விடிய விடிய உட்கார்ந்து பார்த்தேன். வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் சூடு பிடித்தபோது மணி இரண்டு தாண்டிவிட்டது. கூட்டம் ரசிக்கிறது என்று தெரிந்ததும் வள்ளி வேஷம் கட்டிய அம்மா அதே வரியை மூன்று விதமாக இழுத்துப் பாடினார். ஆர்மோனியக்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு விரலை நகர்த்தினார்.

1945-இல் வந்த ஏ.வி. மெய்யப்பனின் ஸ்ரீவள்ளி படத்தில் வள்ளியாக நடித்தது ருக்மணி, பாட்டுக்குரல் பி.ஏ. பெரியநாயகியுடையது. சினிமாவில் அது முடியும். மேடையில் தொண்டை கட்டினாலும் நடிப்பவரேதான் பாட வேண்டும்.

அப்போது 'சிங்கிங் இன் த ரெயின்' என்ற ஹாலிவுட் படம் நினைவு வந்தது. 1952-இல் வந்த அந்தப் படத்தின் கதையே இரவல் குரல் பற்றியதுதான். 1983-இல் லண்டனில் அதை மேடை ஏற்றினார்கள். படத்தில் மழைப் பாட்டு பாதிக்கு மேல்தான் வரும். மேடையிலோ அதை இடைவேளைக்கு முன்னால் வைப்பார்கள். திரை விழுந்த பிறகு தண்ணீரைத் துடைக்க நேரம் வேண்டுமே! நிஜத் தண்ணீர்தான் கொட்டும். பின்னால் வந்த ஒரு தயாரிப்பில் முன்வரிசைக்காரர்கள் நனைந்தே போனார்கள்.

படத்தில் மழையில் ஆடும் நாயகன் ஜீன் கெல்லியின் சிரிப்பை கேமரா கிட்டப் போய்க் காட்டும். மேடையில் கடைசி வரிசைக்கும் எட்டுகிற மாதிரி உடம்பு முழுக்கச் சிரிக்க வேண்டும். நேற்று அந்த வள்ளி கிளி விரட்டியதும் அப்படித்தான். கவண் சுழன்றதும் கடைசி வரிசையில் இருந்த நானே தலையைக் குனிந்தேன்.